எண்ணிக்கை இருந்தும் இழந்த ஆட்சி: பிரிட்டிஷ் கயானா தேர்தல் 1964

"நமக்கு எண்ணிக்கை போதவில்லை, எண்ணிக்கை மட்டும் இருந்திருந்தால் நம்மை யாரும் அசைத்திருக்க முடியாது." கூட்டங்களிலும் கோப்பிக் கடைகளிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இப்படிப் பேசுகிறவர்கள் ஒரு முறையாவது கயானாவின் கதையைப் படித்துப் பார்க்க வேண்டும். தென் அமெரிக்காவின் வடக்குக் கரையில் இருக்கும் அந்நாட்டில் 1960களில் இந்திய வம்சாவளியினர் மக்கள் தொகையில் ஏறக்குறைய பாதிப் பேர். நாட்டின் மிகப் பெரிய இனம் அவர்களே. அவர்கள் திரண்டு ஆதரித்த கட்சி 1953, 1957, 1961 என்று மூன்று பொதுத் தேர்தல்களில் வரிசையாக வென்றது. நான்காவது தேர்தல் 1964 டிசம்பர் 7ஆம் நாள் நடந்தது. அதிலும் அந்தக் கட்சிதான் அதிக வாக்குகளைப் பெற்றது; அதுவும் முந்தைய தேர்தலைவிடக் கூடுதல் விழுக்காடு. ஆனால் ஒரே வாரத்தில் அதன் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அந்தக் கட்சி மீண்டும் ஆட்சிக்கு வர 28 ஆண்டுகள் ஆயின!

இது எப்படி நடந்தது? "வெள்ளைக்காரனும் அமெரிக்காக்காரனும் சேர்ந்து செய்த சதி" என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். அது பொய்யல்ல. ஆவணங்களே வெளிவந்துவிட்டன. ஆனால் சதிகாரன் உள்ளே நுழைந்த கதவை யார் திறந்து வைத்தார்கள் என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்கத்தான் பலருக்கும் மனம் வருவதில்லை.

முதலில் அந்த நாட்டைத் தெரிந்துகொள்வோம். கயானா கரும்புக்காக உருவாக்கப்பட்ட காலனி. மக்கள் வாழும் கரையோரம் கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பதால் கடலுக்குச் சுவர் கட்டி, கால்வாய் வெட்டி, அந்தச் சேற்று நிலத்தில் தோட்டங்கள் போட்டார்கள். முதலில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1838ல் அவர்கள் முழு விடுதலை பெறும் நிலை வந்ததும், தோட்டத் துரைமார்களுக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. அதே ஆண்டு மே 5ஆம் நாள் விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரண்டு கப்பல்கள் இந்தியக் கூலிகளைக் கொண்டு வந்து இறக்கின. 1917 வரை சுமார் 239,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பான்மையினர் கல்கத்தாத் துறைமுகம் வழியாகச் சென்ற போஜ்புரிக்காரர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் சில ஆயிரம் தமிழரும் தெலுங்கரும் போனார்கள். 'மதராஸிகள்' என்று அழைக்கப்பட்ட அவர்களின் பேச்சுமொழி மறைந்துவிட்டது. பெர்பீஸ் பகுதியில் மாரியம்மன் வழிபாடு மட்டும் இன்றும் பறை ஒலியோடு நடக்கிறது.

தோட்டங்கள் பெரும்பாலும் புக்கர் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. நாட்டையே 'புக்கர் கயானா' என்று கேலியாகச் சொல்வார்களாம். இந்தியர் தோட்டப்புறத்திலும் நெல் வயல்களிலும், ஆப்பிரிக்கர் நகரத்திலும் அரசாங்க வேலையிலும் காவல் துறையிலும் என்று இரண்டு இனமும் இரண்டு உலகங்களில் வாழ்ந்தன. இந்த அமைப்பு நமக்குப் புதிதல்ல. யார் எங்கே வேலை செய்ய வேண்டும் என்பதை இனம் பார்த்து ஒதுக்கிவிட்டுப் போவது வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் செய்த காரியம்.

இந்தச் சுவரை உடைக்க வந்தவர்தான் செட்டி ஜெகன். பெயரைப் பார்த்து நம்மூர் செட்டியார் என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய பெற்றோர் உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி மாவட்டத்திலிருந்து குழந்தைகளாகக் கப்பலேறியவர்கள். ஜெகன் 1918ல் போர்ட் மூரண்ட் கரும்புத் தோட்டத்தில் பிறந்தார். அமெரிக்காவில் பல் மருத்துவம் படித்தார். சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரோசன்பெர்க்கை மணந்துகொண்டு ஊர் திரும்பினார். 1948 ஜூன் 16ஆம் நாள் என்மோர் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டதில் 5 பேர் மாண்டார்கள். கரும்பை வெட்டினால் மட்டும் போதாது, அதைத் தூக்கி வந்து கால்வாய்ப் படகிலும் ஏற்ற வேண்டும் என்ற நிபந்தனையை எதிர்த்தும், தாங்கள் விரும்பிய சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டும் நடந்த போராட்டம் அது. மாண்டவர்களின் இறுதி ஊர்வலத்தில் ஜெகன் முன்னின்று நடந்தார். இனி இந்த மக்களின் விடுதலைக்கே தன் வாழ்வு என்று அன்று மனத்துக்குள் உறுதி எடுத்ததாக அவரே பின்னாளில் எழுதினார்.

1950ல் மக்கள் முற்போக்குக் கட்சி பிறந்தது. சுருக்கமாக பி.பி.பி. (ஈப்போ சீனிவாசகம் சகோதரர்களின் பி.பி.பி.யோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், பெயர் ஒன்று, ஆள் வேறு!) தலைவர் ஜெகன், அவைத் தலைவர் ஃபோர்ப்ஸ் பர்ன்ஹாம், பொதுச் செயலாளர் ஜேனட். பர்ன்ஹாம் ஆப்பிரிக்க இனத்தவர், லண்டனில் சட்டம் படித்தவர், மேடையில் ஏறினால் கூட்டத்தைக் கட்டிப் போடும் நாவன்மை கொண்டவர். தோட்டத்து இந்தியரும் நகரத்து ஆப்பிரிக்கரும் ஒரே கொடியின் கீழ் நின்ற இயக்கம் அது. 1953 ஏப்ரல் 27ஆம் நாள், வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. 24 தொகுதிகளில் பி.பி.பி. 18 இடங்களை அள்ளியது. 51 விழுக்காடு வாக்கு! ஜெகன் விவசாய அமைச்சரானார், பர்ன்ஹாம் கல்வி அமைச்சரானார்.

இனம் கடந்த அந்த ஆட்சி 133 நாள்தான் நீடித்தது. தொழிலாளர் தங்கள் சங்கத்தைத் தாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க உரிமை தரும் சட்ட முன்வரைவைக் கொண்டு வந்தார்கள். அமெரிக்காவில் 1935லிருந்தே அத்தகைய சட்டம் உண்டு. ஆனால் கயானாவில் அதே சட்டம் கம்யூனிசமாகிவிட்டது! சர்ச்சில் அரசாங்கம் போர்க்கப்பலையும் படையையும் அனுப்பியது. 1953 அக்டோபர் 9ஆம் நாள் அரசியல் சட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது, அமைச்சர்கள் நீக்கப்பட்டார்கள். ஜார்ஜ்டவுன் நகரைக் கொளுத்தச் சதி செய்தார்கள் என்றுகூட லண்டன் குற்றம் சாட்டியது. அந்தச் சதிக்காக ஒருவர் மீதும் வழக்குத் தொடுக்கப்படவில்லை என்பதே அதன் லட்சணத்தைச் சொல்லும். நடமாட்டத் தடையை மீறியதற்காக ஜெகன் 1954ல் சிறைக்குப் போனார்.

என் கணக்கில் கயானாவின் உண்மையான இழப்பு இதற்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில் நடந்தது. படையை அனுப்பி ஆட்சியைக் கலைத்தபோதுகூட மக்கள் பிரியவில்லை. 1954ல் பிரிட்டன் அனுப்பிய ராபர்ட்சன் ஆணையம் தன் அறிக்கையில் பி.பி.பி. தலைவர்களை இரண்டாகப் பிரித்துக் காட்டியது: ஜெகன் பக்கம் 'கம்யூனிஸ்டுகள்', பர்ன்ஹாம் பக்கம் 'சோஷலிஸ்டுகள்'. ஜெகன் தலைமையில் இருக்கும்வரை சுயாட்சி கிடையாது என்பது அதன் உட்பொருள். தலைமைக்கு ஏற்கெனவே ஆசைப்பட்டிருந்த பர்ன்ஹாமுக்கு வேறென்ன அழைப்பு வேண்டும்? 1955ல் கட்சி பிளந்தது. முதலில் அது இனப் பிளவு அல்ல; இரண்டு பக்கமும் இரண்டு இனத்தாரும் இருந்தார்கள். ஆனால் 1956ல் கவிஞர் மார்ட்டின் கார்ட்டர் உள்ளிட்ட சில முன்னணித் தோழர்களும் ஜெகனை விட்டு விலகினார்கள். கரிபியன் கூட்டமைப்பில் சேர்ந்தால் இந்தியர் சிறுபான்மையாகிவிடுவார்கள் என்ற அச்சம் தோட்டங்களில் இருந்தது. ஜெகன் அந்த அச்சத்தைப் புண்படுத்தாமல் நடந்துகொண்டார். கொள்கை பேசிய வாய், மெல்ல மெல்ல எண்ணிக்கையைக் கணக்கிட ஆரம்பித்தது.

1957 தேர்தலில் 'அபன் ஜாத்' என்ற சொல் தோட்டங்களில் சுற்றியது. 'நம் இனம்' என்று பொருள். நம் இனத்தானுக்கே வாக்குப் போடு! இதைக் கட்சி அதிகாரப்பூர்வமாகச் சொல்லவில்லை என்று பி.பி.பி.யினர் மறுப்பார்கள். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னவர்களைத் தடுத்தார்களா என்பதுதான் என் கேள்வி. 14 இடங்களில் ஜெகன் அணிக்கு 9, பர்ன்ஹாம் அணிக்கு 3. தோற்ற பர்ன்ஹாம் மக்கள் தேசியக் காங்கிரஸ் என்ற பெயரில், அதாவது பி.என்.சி. என்று, தனிக்கட்சி நடத்தலானார். நகரத்து ஆப்பிரிக்கர் அதன் பின்னால் திரண்டார்கள். போர்த்துகீசிய வம்சாவளி வணிகர் பீட்டர் டி அகியார் யுனைடெட் ஃபோர்ஸ் என்ற மூன்றாவது கட்சியைத் தொடங்கினார். முதலாளிகளும் நடுத்தர வர்க்கமும் அதில் சேர்ந்தார்கள்.

அடுத்து 1961 ஆகஸ்டு 21. இந்தத் தேர்தலில் வெல்பவரே நாட்டைச் சுதந்திரத்துக்கு அழைத்துச் செல்வார் என்ற எதிர்பார்ப்பு எல்லோருக்கும் இருந்தது. முடிவைக் கவனமாகப் பாருங்கள். பி.பி.பி. 42.6 விழுக்காடு வாக்குகளோடு 35 இடங்களில் 20 பெற்றது. பி.என்.சி. 41 விழுக்காடு பெற்றும் 11 இடங்கள்தான். யுனைடெட் ஃபோர்ஸ் 16.4 விழுக்காடு, 4 இடங்கள். பி.பி.பி. எல்லாத் தொகுதிகளிலும் நிற்கவில்லை என்பதால் அதன் மொத்த வாக்கு சற்றுக் குறைந்து தெரிகிறது, அது உண்மை. ஆனாலும் ஏறக்குறைய சமமான வாக்குக்கு ஒன்பது இட வித்தியாசம் என்றால் ஜார்ஜ்டவுன் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஓர் ஆப்பிரிக்கத் தொழிலாளிக்கு எப்படி இருந்திருக்கும்? "எங்கள் வாக்குக்கு மதிப்பில்லை" என்று அவன் சொன்னால் அது பொய்யா? தொகுதி எல்லையால் ஏமாற்றப்படும் வேதனை என்னவென்று தெரிந்தவர்கள், அந்த எல்லை நம் இனத்தாருக்குச் சாதகமாக விழும்போதும் அநியாயம் அநியாயமே என்று சொல்ல வேண்டாமா? அன்று பி.பி.பி. அதைச் சொல்லவில்லை. வென்ற மிதப்பில் அடுத்து சுதந்திரம்தான் என்று நினைத்தது.

1961 அக்டோபரில் ஜெகன் வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்து உதவி கேட்டார். கியூபாவில் அடி வாங்கியிருந்த கென்னடி, தென் அமெரிக்கக் கண்டத்தில் இன்னொரு காஸ்ட்ரோ வருவாரோ என்ற பயத்தில் இருந்தார். உதவி வரவில்லை, வேறு சரக்கு வந்தது. 1962 பிப்ரவரியில் வரவு செலவுத் திட்டத்தை எதிர்த்துக் கிளம்பிய போராட்டத்தில் ஜார்ஜ்டவுனின் கடைத்தெருக்கள் எரிந்தன. 1963ல் தொழிற்சங்கங்கள் 80 நாள் பொது வேலைநிறுத்தம் நடத்தின. எதை எதிர்த்துத் தெரியுமா? பத்து ஆண்டுகளுக்கு முன் ஜெகனும் பர்ன்ஹாமும் சேர்ந்து கொண்டு வந்த அதே வகைத் தொழிலாளர் உறவுச் சட்டத்தை எதிர்த்து! ஏழைத் தொழிலாளி 80 நாள் கூலியின்றித் தாக்குப் பிடிக்க அமெரிக்கத் தொழிற்சங்க வழியாகப் பணம் வந்தது. அதன் பின்னால் சி.ஐ.ஏ. இருந்தது. 1962க்கும் 1968க்கும் இடையில் கயானாவில் இரகசிய நடவடிக்கைகளுக்குச் சுமார் 20 இலட்சத்து 80 ஆயிரம் டாலர் செலவிட்டதாக அமெரிக்க வெளியுறவுத் துறையே 2005ல் வெளியிட்ட ஆவணத் தொகுதியில் ஒப்புக்கொண்டது. கென்னடியின் ஆலோசகராக இருந்த ஆர்தர் ஷ்லெசிங்கர் 1990ல் நியூயார்க்கில் ஜெகனிடம் நேரிலேயே மன்னிப்புக் கேட்டார்.

ஆட்சியைக் கவிழ்க்கப் பணம் மட்டும் போதவில்லை. தேர்தல் விதியையே மாற்ற வேண்டியிருந்தது. 1963 ஜூன் இறுதியில் கென்னடி இங்கிலாந்து போய்ப் பிரதமர் மெக்மில்லனைச் சந்தித்தபோது பிரிட்டிஷ் கயானா முக்கியமான பேச்சுப் பொருளாக இருந்தது. அக்டோபரில் லண்டன் மாநாடு கூடியது. தலைமையேற்றவர் காலனி அமைச்சர் டங்கன் சாண்டிஸ். (அதே ஆண்டு மலேசிய ஒப்பந்தத்தைக் கவனித்தவரும் இவரே.) மூன்று கட்சித் தலைவர்களும் உடன்பாட்டுக்கு வரவில்லை. பிறகு நடந்ததுதான் நம்ப முடியாதது. தேர்தல் முறை, வாக்களிக்கும் வயது, சுதந்திரத்துக்கு முன் தேர்தலா இல்லையா ஆகிய அனைத்தையும் பிரிட்டிஷ் அரசாங்கமே முடிவு செய்யட்டும் என்று ஒரு கடிதத்தில் மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜெகனும் போட்டார்! எதிராளியின் நண்பனையே நடுவராக ஏற்றுக்கொண்ட கையெழுத்து அது.

அக்டோபர் 31ஆம் நாள் சாண்டிஸ் தீர்ப்புச் சொன்னார். சுதந்திரத்துக்கு முன் இன்னொரு தேர்தல். தொகுதிகள் கிடையாது, நாடு முழுவதும் ஒரே தொகுதி, கட்சிப் பட்டியலுக்கு வாக்கு, விழுக்காட்டுக்கு ஏற்ப 53 இடங்கள். வாக்களிக்கும் வயது 21 ஆகவே இருக்கும். இளைய மக்கள் தொகை கொண்ட இந்தியர்களுக்குச் சாதகமாக இருக்கும் என்று ஜெகன் கேட்ட 18 வயது கிடையாது. பல இனங்கள் சேர்ந்து கூட்டணி அமைக்க இந்த முறை வழிகாட்டும் என்று சாண்டிஸ் காரணம் சொன்னார்.

விகிதாசார முறை தன்னளவில் கெட்டதல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிதறிக் கிடக்கும் சிறுபான்மையினருக்கு அதைவிட நல்ல முறை அரிது. 12 விழுக்காடு வாக்கு வைத்திருப்பவனுக்கு 12 விழுக்காடு இடம் கிடைக்கிறது. தொகுதி எல்லையை வளைத்து நெளித்து அவனை ஒன்றுமில்லாதவனாக்க முடியாது. பி.என்.சி.யின் கோரிக்கையில் நியாயம் இருந்தது. அநியாயம் வேறிடத்தில் இருக்கிறது. பிரிட்டன் தன் நாட்டில் அந்த முறையை வைத்துக்கொள்ளவில்லை. அதுவரை அதைப் பற்றிக் கவலைப்படாத லண்டன், ஜெகன் மூன்று முறை வென்ற பிறகுதான் திடீரென்று நீதிமானாகியது. யார் தோற்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற விதியைத் தேடிப் பிடித்தார்கள். நல்ல மருந்தைக் கொலைக்குப் பயன்படுத்தினால் மருந்தைக் குறை சொல்லி என்ன பயன்?

1964ஆம் ஆண்டின் பெரும்பகுதி இரத்தத்தில் கழிந்தது. பிப்ரவரியில் கரும்புத் தோட்டங்களில் சங்க அங்கீகாரத்துக்காக வேலைநிறுத்தம் தொடங்கியது. மார்ச் 6ஆம் நாள் லியனோரா தோட்டத்தில் மறியலில் அமர்ந்திருந்த கொவ்சில்லா என்ற பெண் தொழிலாளி மீது டிராக்டர் ஏறியது. அவர் மாண்டார். அதற்குப் பிறகு தொழில் தகராறு இனக் கலவரமாக மாறியது. கருங்காலி வேலைக்கு ஆப்பிரிக்கரைக் கொண்டு வந்தார்கள்; இந்தியர் அவர்களை அடித்தார்கள்; பதிலுக்கு இந்தியரின் வீடுகள் எரிந்தன. மே 25ஆம் நாள் பாக்சைட் சுரங்க நகரமான விஸ்மாரில் சிறுபான்மையாக வாழ்ந்த இந்தியர்கள் வேட்டையாடப்பட்டார்கள், பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டார்கள், எஞ்சியவர்கள் படகுகளில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். ஜூலை 6ஆம் நாள் சன் சாப்மன் என்ற பயணப் படகு டெமரேரா ஆற்றில் வெடித்துச் சிதறி சுமார் 40 ஆப்பிரிக்கர் மாண்டார்கள். விஸ்மாரைப் பற்றி எழுதும் நம்மவர்கள் பலர் சன் சாப்மனைப் பற்றி எழுதுவதில்லை. ஆப்பிரிக்கர் எழுதும்போது விஸ்மார் சுருங்கிவிடுகிறது. செத்தவர்களையும் இனம் பார்த்து எண்ணினால் என்ன நியாயம்? அந்த ஆண்டில் இரு தரப்பிலும் சேர்த்து 170 பேருக்கு மேல் மாண்டார்கள், சுமார் 15,000 பேர் வீடிழந்து இடம் பெயர்ந்தார்கள். இரு இனமும் கலந்து வாழ்ந்த கிராமங்கள் ஓரினக் கிராமங்களாயின. கலவரத்துக்கு நடுவில் பர்ன்ஹாமோடு சரிபாதி அமைச்சர் பதவிகளைப் பகிர்ந்துகொள்ளத் தயார் என்று ஜெகன் சொன்னார். காலம் கடந்துவிட்டது. வெற்றி தன் பக்கம் வருகிறது என்று தெரிந்த பர்ன்ஹாம் ஏன் இறங்கி வர வேண்டும்?

டிசம்பர் 7ஆம் நாள் வாக்களிப்பு. பதிவு பெற்ற வாக்காளரில் ஏறக்குறைய 97 விழுக்காட்டினர் வந்து வாக்குப் போட்டார்கள். அச்சம்தான் அவ்வளவு பேரையும் வாக்குச் சாவடிக்கு இழுத்து வந்தது. பி.பி.பி.க்கு 45.8 விழுக்காடு, 24 இடங்கள். பி.என்.சி.க்கு 40.5 விழுக்காடு, 22 இடங்கள். யுனைடெட் ஃபோர்ஸ் 12.4 விழுக்காடு, 7 இடங்கள். 1961ஐ விட ஜெகனின் பங்கு மூன்று விழுக்காட்டுக்கு மேல் கூடியிருக்கிறது. பர்ன்ஹாமின் பங்கு சற்றுக் குறைந்தே போயிருக்கிறது. இந்தியர் வாக்கைப் பிரிக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட நீதிக் கட்சியும் முஸ்லிம் கட்சியும் ஆளுக்கு ஒரு விழுக்காடுகூடப் பெறவில்லை. இரண்டுக்கும் ஓர் இடமும் இல்லை. இனம் கடந்த அரசியலை வளர்க்கும் என்று சாண்டிஸ் சொன்ன தேர்தல், மக்கள் தொகைக் கணக்கெடுப்பு போலவே முடிந்தது.

53 இடங்களில் 24 பெரும்பான்மை ஆகாது. 22ம் 7ம் சேர்ந்தால் 29. சோஷலிசம் பேசிய பர்ன்ஹாமும் முதலாளிகளின் டி அகியாரும் கைகோத்தார்கள். கொள்கையால் சேரவில்லை, ஜெகன் வேண்டாம் என்ற ஒன்றே போதுமானதாக இருந்தது. அதிக இடம் பெற்ற கட்சிக்கே முதல் வாய்ப்பு என்ற மரபை ஆளுநர் ரிச்சர்ட் லூயிட் பின்பற்றவில்லை, பர்ன்ஹாமை அழைத்தார். ஜெகன் பதவி விலக மறுத்தார். உடனே லண்டனில் அரச ஆணை ஒன்று தயாரானது. பதவி விலகாத பிரதமரை நீக்க ஆளுநருக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டது. டிசம்பர் 14ஆம் நாள் பர்ன்ஹாம் பதவியேற்றார். அப்போது லண்டனில் ஆட்சியில் இருந்தது யார்? எதிர்க்கட்சியில் இருந்தபோது சாண்டிஸின் திட்டத்தைச் சாடிய ஹெரால்ட் வில்சனின் தொழிற்கட்சி! அக்டோபரில் ஆட்சிக்கு வந்த அந்தத் 'தோழர்கள்' டிசம்பரில் ஆணையில் கையெழுத்திட்டார்கள். லண்டனில் கட்சி மாறினால் நீதி கிடைக்கும் என்று மனுக்களோடு காத்திருப்பவர்கள் இந்த இரண்டு மாதக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

"ஏமாற்றப்பட்டோம், தோற்கடிக்கப்படவில்லை" என்பது அதன் பின் பி.பி.பி.யின் முழக்கமானது. ஏமாற்றப்பட்டது உண்மை. ஆனால் 1953ல் இதே கட்சிக்குப் பாதிக்கு மேல் வாக்கு இருந்தது. அந்த 51 விழுக்காட்டில் ஆப்பிரிக்கர் இருந்தார்கள். அது கையில் இருந்திருந்தால் எந்தச் சாண்டிஸின் எந்த முறையும் ஜெகனை வீழ்த்தியிருக்காது. விகிதாசார முறையில் அவர்தான் சுலபமாக வென்றிருப்பார். இனத்தை மட்டும் நம்பியபோது 45.8ல் வந்து நின்றது. மீதமிருந்த நாலு விழுக்காட்டுச் சொச்சத்தை எந்த இந்தியக் குடும்பத்திலும் பெற்றெடுத்திருக்க முடியாது. பக்கத்துத் தெருவில்தான் கேட்டிருக்க வேண்டும்.

பர்ன்ஹாமுக்கு வாக்களித்த ஆப்பிரிக்கர்களும் எதையும் வென்றுவிடவில்லை. 1966 மே 26ஆம் நாள் சுதந்திரம் வந்தது. 1968 தேர்தலில் வெளிநாட்டு வாக்காளர்கள் என்று ஒரு பட்டியல் முளைத்தது; அந்த வாக்குகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆளும் கட்சிக்கே விழுந்தன. பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்காரர்கள் அந்த முகவரிகளைத் தேடிப் போனார்கள். மான்செஸ்டரில் ஒரு வாக்காளரின் முகவரி வெறும் காலி மனை! டி அகியார் அதற்கு முன்பே கூட்டணியில் கசந்துபோய் விலகியிருந்தார். 1973ல் வாக்குப் பெட்டிகளை இராணுவம் தூக்கிக்கொண்டு போனது. பெர்பீஸில் அதைத் தடுக்கப் போன இரண்டு இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1980ல் வரலாற்றாசிரியர் வால்டர் ரோட்னி குண்டு வெடித்து மாண்டார். இரு இனத்து ஏழைகளையும் மீண்டும் ஒன்று சேர்க்க முயன்ற ஆப்பிரிக்கர் அவர். 1980களின் தொடக்கத்தில் கோதுமை மாவு இறக்குமதிக்கே தடை வந்தது. ரொட்டிதான் உணவு என்று வாழ்ந்த இந்தியக் குடும்பங்கள் கடத்தல் மாவுக்கு அலைந்தன. பிழைக்க வழி தேடி இரு இனத்தாரும் நியூயார்க்குக்கும் டொரண்டோவுக்கும் கப்பலும் விமானமும் ஏறினார்கள். பர்ன்ஹாம் 1985ல் இறந்தார்.

1992ல் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரின் கண்காணிப்பில் தேர்தல் நடந்தது. ஒரு சின்ன மாற்றம் பெரிய வேலை செய்தது: வாக்குகளைப் பெட்டியோடு எடுத்துச் செல்லாமல் வாக்களித்த இடத்திலேயே எண்ணினார்கள். ஜெகன் வென்று அதிபரானார். அவர் பதவியேற்ற நாள் அக்டோபர் 9. 1953ல் அவருடைய முதல் அரசாங்கம் கலைக்கப்பட்டதும் அதே அக்டோபர் 9. இடையில் 39 ஆண்டுகள்! அதிபராகவே 1997 மார்ச்சில் காலமானார்.

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். பர்ன்ஹாம் 1980ல் எழுதி வைத்த அரசியல் சட்டப்படி, எந்தப் பட்டியல் அதிக வாக்கு பெறுகிறதோ அதன் வேட்பாளரே அதிபர். பாதியைத் தாண்ட வேண்டியதில்லை. தேர்தலுக்குப் பின் இரண்டு கட்சிகள் கைகோத்து அவரை இறக்க முடியாது. எதிர்க்கட்சியாக இருந்தபோது இந்தச் சட்டத்தைப் பி.பி.பி. கடுமையாகச் சாடியது. ஆட்சிக்கு வந்தபின் சில திருத்தங்கள் நடந்தன. இந்த விதி மட்டும் அப்படியே இருந்தது. 2011 தேர்தலில் பி.பி.பி. 48.6 விழுக்காடு பெற்றது. 65 இடங்களில் 32. எதிர்க்கட்சிகள் இரண்டுக்கும் சேர்த்து 33. ஏறக்குறைய 1964ன் அதே கணக்கு. 1964ல் அந்தக் கணக்கு ஜெகனை வெளியேற்றியது; 2011ல் அவருடைய கட்சியை அதிபர் மாளிகையில் உட்கார வைத்தது. அப்போது யாரும் "ஏமாற்றப்பட்டோம்" என்று முழங்கவில்லை. 2015ல் எதிர்க்கட்சிகள் சுதாரித்துக்கொண்டு தேர்தலுக்கு முன்பே ஒரே பட்டியலாக நின்றன. 33க்கு 32 என்று ஓர் இடத்தில் ஆட்சியைப் பிடித்தன.

2020 மார்ச் 2ஆம் நாள் அடுத்த வாக்களிப்பு நடந்தது. ஜார்ஜ்டவுன் அடங்கிய 4ஆம் வட்டாரத்தின் கூட்டல் கணக்கில் தகராறு எழுந்தது. ஊர்தோறும் அவரவர் இனம் அவரவர் தெருவில் கூடி நின்றது. கரிபியன் நாடுகளின் பார்வையாளர்கள் முன்னிலையில் ஒவ்வொரு வாக்குச் சீட்டும் மறுபடி எண்ணப்பட்டது, வழக்குமேல் வழக்கு நடந்தது, பி.பி.பி. 33 இடங்களில் வென்றது என்று அறிவித்து அதிபர் இர்ஃபான் அலி பதவியேற்றபோது தேதி ஆகஸ்டு 2.